முதல் ஸ்டுடியோ ஃபிளாஷ்: வாட்-செகண்டைக் கடைசியில் பார்த்தால் போதும்

போர்ட்ரெய்ட் எடுக்க முதன்முறையாக ஃபிளாஷ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு விளக்கின் பெட்டியில் "300 வாட்-செகண்ட்" என்று இருக்கிறது, இன்னொன்றில் "கைடு நம்பர் 60", மூன்றாவது எல்இடி, அதில் "100 வாட்". ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிடவே முடியாத எண்கள் இவை, ஆனால் மூன்றும் ஒரே மாதிரி கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். போதாததற்கு, யாரைக் கேட்டாலும் "பவர் அதிகமா இருக்கிறதையே வாங்கிடுங்க, பின்னாடி உதவும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு சாதாரண அறைக்குள் ஒருவரை உட்காரவைத்து முகத்தைப் படமெடுப்பவருக்கு அந்த யோசனை பல நேரம் வினையாகத்தான் முடியும். ஏன் என்று அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

## பெட்டியில் இருக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன

ஸ்டுடியோ ஃபிளாஷ் வேலை செய்யும் விதம் எளிது. ஒரு கபாசிட்டர் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கிறது. பட்டனை அழுத்தியதும், சேர்த்ததைச் செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் வழியாக ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. பாய்ந்து வரும் துப்பாக்கிக் குண்டையே படத்தில் உறையவைத்த ஹரால்ட் எட்ஜர்டன் 1930களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டியதும் அடிப்படையில் இதே வேலைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு எண்களுக்கு வருவோம்.

1. வாட்-செகண்ட். கபாசிட்டரில் எவ்வளவு ஆற்றல் சேர்கிறது என்பதன் அளவு; ஜூல் என்பதும் இதுவே. கவனிக்க வேண்டியது, இது உள்ளே சேரும் மின்சாரத்தின் கணக்கு, வெளியே வரும் வெளிச்சத்தின் கணக்கு இல்லை. குழாயின் தரம், முன்னால் மாட்டும் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர் ஆகியவற்றைப் பொறுத்து, 300 வாட்-செகண்ட் என்று சொல்லும் இரண்டு விளக்குகள் வெவ்வேறு அளவு வெளிச்சம் தரலாம்.

2. கைடு நம்பர். விளக்குக்கும் ஆளுக்கும் இடையிலான தூரத்தையும், லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் அபெர்ச்சர் எண்ணையும் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) பெருக்கினால் வருவது. ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் உணர்திறன், 100இல் இருக்கும்போது கைடு நம்பர் 40 மீட்டர் என்றால், 5 மீட்டரில் எஃப்/8, 10 மீட்டரில் எஃப்/4. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேமரா தலையில் மாட்டும் ஸ்பீட்லைட்டுக்கு கைடு நம்பர் 60 என்று போடுவது, அதன் தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்து, வெளிச்சத்தை ஒரு குறுகிய கற்றையாக ஒடுக்கி அளந்த எண். 300 வாட்-செகண்ட் ஸ்டுடியோ ஃபிளாஷுக்கு 58 என்று போட்டிருந்தால், அது அகலமாகப் பரப்பும் சாதாரண ரிஃப்ளெக்டரோடு அளந்தது. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உண்மையில் அந்த ஸ்பீட்லைட்டிடம் இருப்பது சுமார் 60 முதல் 80 வாட்-செகண்ட், அவ்வளவுதான். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்ததும் சாயம் வெளுத்துவிடும்.

3. எல்இடியின் வாட். இது தொடர்ந்து எரியும் விளக்கு ஒவ்வொரு விநாடியும் இழுக்கும் மின்சாரம். நீங்கள் 1/125 விநாடி ஷட்டரில் படமெடுத்தால், 100 வாட் எல்இடி அந்த ஒரு ஃபிரேமுக்குச் செலவழிப்பது 100ஐ 125ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.8 ஜூல். பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷோ அதே ஃபிரேமுக்கு 300 ஜூலைக் கொட்டத் தயாராக நிற்கிறது. மின்சாரத்தை வெளிச்சமாக மாற்றுவதில் எல்இடி கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனாலும் இந்த இடைவெளியை அடைக்கிற அளவுக்கு இல்லை. அதனால்தான் எல்இடியில் போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். வீடியோதான் முதல் வேலை என்றால் எல்இடி வாங்குங்கள், கூச்சமே வேண்டாம். இனி இந்தக் கட்டுரை ஃபிளாஷைப் பற்றியது.

## இரண்டு மடங்கு பவர், ஒரே ஒரு ஸ்டாப்

வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் கூடும். ஆக, 300க்குப் பதில் 600 வாட்-செகண்ட் வாங்கினால் கிடைப்பது எஃப்/8இலிருந்து எஃப்/11. அவ்வளவே. எடை கூடுகிறது, விலை கூடுகிறது, தாங்குவதற்குத் தடித்த ஸ்டாண்டு வேண்டியிருக்கிறது.

அதே ஒரு ஸ்டாப்பைச் செலவில்லாமலும் வாங்கலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்பது பள்ளியில் படித்த விதி, அதன்படி 1.4 மீட்டரில் இருக்கும் விளக்கை 1 மீட்டருக்கு நகர்த்தினால் ஒரு ஸ்டாப் கூடிவிடும். ஒரு எட்டுக்கும் குறைவான தூரம். நகர்த்தியதில் வெளிச்சம் மென்மையாகவும் ஆகிறது, அது கொசுறு.

இதே விதி பின்னணியையும் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விளக்கு முகத்திலிருந்து 1 மீட்டர், பின்சுவர் விளக்கிலிருந்து 3 மீட்டர் என்றால், சுவருக்குப் போய்ச் சேர்வது முகத்துக்குக் கிடைத்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. மூன்று ஸ்டாப்புக்கும் கொஞ்சம் கூடுதலான இறக்கம். வெள்ளைச் சுவர் படத்தில் கரும்சாம்பலாகிவிடும். "எனக்கு வெள்ளைப் பின்னணி வரவே மாட்டேங்குது, இன்னும் பவரான விளக்கு வேணுமா?" என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: பவர் கூட்டினால் முகமும் சேர்ந்தே வெளுக்கும், சுவர் மட்டும் தனியாக வெளுக்காது. சுவருக்கென்று இன்னொரு விளக்கு வேண்டும், அல்லது ஆளைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

## ஒரு கணக்கு: சிறிய அறை, ஒரு முகம், ஒரு ஆக்டா

இப்போது "பவர் அதிகமாக இருந்தால் என்ன கெட்டது" என்பதற்கு வருவோம். நம்முடைய 300 வாட்-செகண்ட் ஃபிளாஷ், கைடு நம்பர் 58. அதை ஒரு ஆக்டா, அதாவது எட்டு மூலை கொண்ட சாஃப்ட்பாக்ஸுக்குள் வைக்கிறோம், உள்துணி வெளித்துணி இரண்டும் மாட்டியிருக்கிறோம். துணிகள் தோராயமாக மூன்று ஸ்டாப்பை விழுங்கிவிடும் என்று வையுங்கள். 58, 41, 29, 20 என்று இறங்கி, கைடு நம்பர் 20இல் வந்து நிற்கிறது.

ஆள் 1 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறார். முழு பவரில் அடித்தால் அபெர்ச்சர் எஃப்/20. யாரும் போர்ட்ரெய்ட்டை எஃப்/20இல் எடுப்பதில்லை. எஃப்/8 வேண்டுமென்றால் இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் இறக்க வேண்டும், ஏறக்குறைய 1/6 பவர், அதாவது 50 வாட்-செகண்ட். காசு கொடுத்து வாங்கிய 300இல் 250 சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். சிக்கல் அடுத்த படியில். கண்ணில் ஃபோகஸ், காதுக்குப் பின்னால் எல்லாம் கரைந்துபோகும் படம் வேண்டும், லென்ஸை எஃப்/1.8க்குத் திறக்க ஆசை. விளக்கை இறக்கிக்கொண்டே போகிறீர்கள். இந்த ஃபிளாஷ் இறங்கக்கூடிய அடிமட்டம் 1/32 என்றால், முழுவதிலிருந்து ஐந்து ஸ்டாப்: 20, 14, 10, 7, 5, 3.5. எஃப்/3.5இல் தரை தட்டிவிட்டது. எஃப்/1.8க்கு இன்னும் இரண்டு ஸ்டாப் வேண்டும், ஃபிளாஷ் கொடுக்காது. 600 வாட்-செகண்ட் வாங்கியவர் இதே 1/32 அடிமட்டத்தோடு எஃப்/5இலேயே நின்றுவிடுவார். பவர் அதிகமானதை வாங்கியவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஒரு வழி, லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்ட்டர் மாட்டுவது. இரண்டு ஸ்டாப் ஃபில்ட்டர் போட்டால் எஃப்/1.8 கிடைத்துவிடும். ஆனால் 1/128 வரைக்கும் இறங்கும் 200 வாட்-செகண்ட் விளக்கை வாங்கியவருக்கு இந்தச் சுற்றுவழியே தேவைப்படாது. அவருடைய அடிமட்டம் சுமார் ஒன்றரை வாட்-செகண்ட். 300இல் 1/32 என்பது ஒன்பதுக்கும் மேல். கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம்.

ஆகவே விவரப் பட்டியலைப் படிக்கும்போது உச்ச எண்ணைத் தாண்டிப் போய், "பவர் ரேஞ்ச்" என்ற வரியைத் தேடுங்கள். 1/16 என்று இருந்தால் சிறிய அறைக்கு வேண்டாம். 1/32 சமாளிக்கலாம். 1/128 அல்லது 1/256 என்றால் நிம்மதி. எத்தனை ஸ்டாப் படியில் இறங்குகிறது என்பதையும் பாருங்கள், பத்தில் ஒரு ஸ்டாப் அல்லது மூன்றில் ஒரு ஸ்டாப் படிகள் இருந்தால் போதும்.

முழு உருவமோ, நாலைந்து பேர் கொண்ட குடும்பப் படமோ, வெட்டவெளியில் வெயிலோடு போட்டி போடும் படமோ எடுப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு 400, 600 எல்லாம் நியாயமான எண்கள்தான். முதல் விளக்கு எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

## முகத்தை மாற்றுவது விளக்கின் முன்னால் இருப்பது

வெளிச்சம் மென்மையா கடினமா என்பதை, முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது தீர்மானிக்கிறது. எத்தனை லட்சம் பெறுமான ஃபிளாஷாக இருந்தாலும், 18 செ.மீ. ரிஃப்ளெக்டரோடு நேராக அடித்தால் மூக்கின் நிழல் கத்தி வைத்து வெட்டியது போலத்தான் விழும். மலிவான ஃபிளாஷை 120 செ.மீ. ஆக்டாவுக்குள் வைத்து 1 மீட்டரில் நிறுத்தினால் அதே நிழல் கன்னத்தில் மெல்ல மெல்லக் கரையும். அந்த ஆக்டாவையே 3 மீட்டருக்குத் தள்ளிவைத்தால், முகத்துக்கு அது 1 மீட்டரில் இருக்கும் 40 செ.மீ. பெட்டி போலத்தான் தெரியும். பெரிய பெட்டி வாங்கிவிட்டு அறையின் மூலையில் நிறுத்துகிறவர்கள் இதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். பெட்டியின் அகலம் எவ்வளவோ, முகத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள் வைப்பது நல்ல தொடக்கம்.

முதல் சாஃப்ட்பாக்ஸ் 90 முதல் 120 செ.மீ. வரைக்கும் உள்ள ஆக்டா என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 120ஐ எடுப்பதற்கு முன் கூரை உயரத்தை அளந்துவிடுங்கள். நிற்கும் ஆளின் கண் மட்டத்துக்கு மேலிருந்து வெளிச்சம் சாய்வாக விழ வேண்டுமானால், ஆக்டாவின் நடுப்பகுதி சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும், மேல் விளிம்பு 2.6 மீட்டரைத் தொடும். தாழ்ந்த கூரை என்றால் ஆளை ஸ்டூலில் உட்காரவைப்பது ஒன்றே வழி.

வெள்ளைக் குடை மலிவு, நொடியில் விரியும், ஆனால் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் தெறிக்கவிடும். பெரிய ஹாலில் அது குறை இல்லை. சிறிய அறையில் நாலு சுவரும் கூரையும் அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பி முகத்தில் அடிக்கின்றன, நிழலே இல்லாமல் படம் சப்பையாகிவிடுகிறது. சுவர் பச்சை என்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். எடிட்டிங்கில் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாஃப்ட்பாக்ஸோடு சேர்ந்து வரும் கட்டம் போட்ட துணி, அதாவது கிரிட், இந்தத் தெறிப்பை அடக்குவதற்குத்தான். பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் போட்டுவிடாதீர்கள்.

இங்கேதான் மவுண்ட் என்ற விஷயம் வருகிறது. சாஃப்ட்பாக்ஸ் விளக்கோடு பூட்டிக்கொள்ளும் வளையம் அது. போவென்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், 1923இல் தொடங்கியது, 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் மூன்று பல் கொண்ட மவுண்ட் உலகம் முழுக்கப் பொது வழக்காகி நிலைத்துவிட்டது. பெயரெடுத்த நிறுவனமும் பெயரே தெரியாத நிறுவனமும் போவென்ஸ் மவுண்டில் சாஃப்ட்பாக்ஸ் செய்கின்றன. ப்ரோஃபோட்டோ, எலின்குரோம், ப்ரோன்கலர் போன்றவை தங்களுக்கென்று தனி மவுண்ட் வைத்திருக்கின்றன. விளக்குகள் அருமையானவை, ஆனால் ஒவ்வொரு துணைக்கருவியையும் அதே கூட்டத்துக்குள் தேட வேண்டும், இல்லாவிட்டால் அடாப்டர் வாங்க வேண்டும். முதல் விளக்கு பழுதானால் மாற்றிவிடுவீர்கள், சாஃப்ட்பாக்ஸோ பல வருடம் கூடவே வரும். அதனால் முதல் விளக்கைப் போவென்ஸ் மவுண்டில் எடுப்பதே என் வாக்கு.

## எந்த உருவத்தில் வாங்குவது

மூன்று சாதிகள் உண்டு. பேட்டரியில் ஓடும் ஸ்பீட்லைட், எல்லாம் ஒரே உடம்பில் அடங்கிய மோனோலைட், தரையில் ஒரு பெட்டியும் அதிலிருந்து கேபிளில் போகும் தலைகளுமாக இருக்கும் பேக் வகை. கடைசியை மறந்துவிடலாம், அது முதல் விளக்கு இல்லை.

ஸ்பீட்லைட் ஏற்கனவே கையில் இருந்தால், அதை ஒரு எஸ்-பிராக்கெட்டில் (ஸ்பீட்லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவென்ஸ் வளையம் தரும் கிளிப்) பூட்டிப் போவென்ஸ் ஆக்டாவுக்குள் வைத்துப் பழகலாம். ஒற்றை முகத்துக்கு நாம் போட்ட கணக்குப்படி 50 வாட்-செகண்ட் போதும் என்பதால் ஸ்பீட்லைட்டே எட்டிப்பிடிக்கும், மூச்சு வாங்கினாலும். பேட்டரியில் முழு பவருக்கு நெருக்கமாக அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் இடையில் இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும், தொடர்ந்து அடித்தால் சூடாகி வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆள் சிரிக்கும் கணத்துக்கு விளக்கு தயாராக இல்லாமல் போவதுதான் இதில் உண்மையான இழப்பு.

மோனோலைட்டில் பிளக் வகையா பேட்டரி வகையா என்பதற்கு நீங்கள் வெளியே போவீர்களா என்பதுதான் பதில். ஒரே அறைக்குள் வேலை என்றால் பிளக் வகை மலிவு, பேட்டரி கிழடாகிற கவலை இல்லை. இரண்டுக்கும் நடுவில், கோடாக்ஸ் ஏடி200 போன்ற கைக்கு அடக்கமான 200 வாட்-செகண்ட் பேட்டரி விளக்குகள் இருக்கின்றன. 1/128 வரைக்கும் இறங்கும், பையில் போட்டுக்கொண்டு போகலாம். நேராக ஆக்டா மாட்ட முடியாது, பிராக்கெட் வேண்டும், அது ஒன்றுதான் குறை.

## ஷட்டர் ஸ்பீடும் கருப்புப் பட்டையும்

பெரும்பாலான கேமராக்களின் ஷட்டரில் இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டே போகும், மற்றது பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். குறிப்பிட்ட வேகம் வரைக்கும், பெரும்பாலும் 1/200 அல்லது 1/250, இரண்டுக்கும் நடுவில் சென்சார் முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. ஃபிளாஷ் அந்தக் கணத்தில் அடிக்கிறது. இதுதான் சின்க் ஸ்பீடு. அதைத் தாண்டினால் இரண்டாவது திரை ஏற்கனவே இறங்கத் தொடங்கியிருக்கும், படத்தின் ஒரு ஓரத்தில் கருப்புப் பட்டை விழும். விளக்கு பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

1. ஃபிளாஷ் அடிக்கும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே சின்க் ஸ்பீடுக்குள் ஷட்டரை மாற்றினால் ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது, அறையில் இருக்கும் மற்ற வெளிச்சம் மட்டும் கூடிக் குறையும்.

2. ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160 வைத்து ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். சாதாரணமாக விளக்கு எரியும் அறை கிட்டத்தட்டக் கருப்பாக வரும். அதுதான் நல்ல தொடக்கம். அதற்கு மேல் படத்தில் தெரிவதெல்லாம் உங்கள் ஃபிளாஷ் போட்ட வெளிச்சம்.

3. சின்க் ஸ்பீடைத் தாண்டிப் போக ஹைஸ்பீடு சின்க் என்ற வசதி உண்டு. விளக்கு ஒரே அடியாக அடிக்காமல் படபடவென்று துடித்து, திரை நகரும் நேரம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது. விலையாகக் குறைந்தது இரண்டு ஸ்டாப் பவர் போய்விடும். வெயிலில் லென்ஸைத் திறந்து வைத்து எடுப்பவருக்கு இது வரம். திரை போட்ட அறைக்குள் எடுப்பவர் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சோனி ஏ9 மார்க் 3 போல சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் கேமராவில் இந்தத் திரைக் கதையே கிடையாது, 1/80,000 வரைக்கும் சின்க் ஆகும். அப்படி ஒன்று கையில் இருப்பவர் முதல் ஃபிளாஷைப் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

## வேகமும் நிறமும்: எவ்வளவு கவலைப்படலாம்

விவரப் பட்டியலில் "ஃபிளாஷ் டியூரேஷன்" என்று ஒரு வரி வரும். டி.5, டி.1 என்று இரண்டு விதமாக அளப்பார்கள். டி.5 என்பது வெளிச்சம் உச்சத்தில் பாதிக்கு மேல் இருக்கும் நேரம், டி.1 பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் நேரம். ஒரே விளக்குக்கு டி.1 ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமாக இருக்கும், அதனால் விற்பவருக்கு டி.5தான் பிடிக்கும். குதிப்பது, முடி பறப்பது, தண்ணீர் தெறிப்பது எடுப்பவருக்கு டி.1 முக்கியம். உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு எந்த விளக்கும் போதுமான வேகம்தான்.

நிறம் கொஞ்சம் கவனிக்கத் தக்கது. பழைய பாணி விளக்குகள் கபாசிட்டரின் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பவரை இறக்கும். பவர் குறையக் குறைய வெளிச்சம் லேசாகச் சிவப்புப் பக்கம் சாயும். ஐஜிபிடி என்ற சுவிட்ச் வைத்த விளக்குகள் அடியை நடுவிலேயே வெட்டிவிடும். அவை பவர் குறையும்போது நீலப் பக்கம் போகும், அடியும் வேகமாகும். ஒரே விளக்கு, ஒரே பவர் என்று எடுக்கிறவரை கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஒருமுறை வைத்துவிட்டால் முடிந்தது. வெவ்வேறு ரக விளக்குகளை ஒரே முகத்தில் இரண்டு பக்கமும் போடும்போதுதான் தொல்லை தொடங்கும். இரண்டாவது விளக்கையும் முதல் விளக்கின் குடும்பத்திலேயே வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

## ட்ரிக்கர், டிடிஎல், மாடலிங் லைட்

விளக்கை அடிக்கச் சொல்லும் ரேடியோ ட்ரிக்கர் கேமராவின் மேல் உட்காரும். ஒரு நிறுவனத்தின் ரேடியோ இன்னொன்றோடு பொதுவாகப் பேசாது, ஆகவே விளக்கை வாங்கும்போதே அந்தக் குடும்பத்தோடு கல்யாணம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் விளக்குக்குள்ளேயே இருக்கும் மாடலைப் பாருங்கள், தனியாக ஒரு டப்பாவைத் தொங்கவிடும் ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். கேமராவிலிருந்தே பவரை ஏற்றி இறக்க முடிவது, ஆக்டா உயரத்தில் இருக்கும்போது பெரிய சௌகரியம்.

ட்ரிக்கர் உங்கள் கேமரா நிறுவனத்துக்கு உரிய ரகமாக இருக்க வேண்டும். கேனான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2000டி (இதுவே சில நாடுகளில் 1500டி), 4000டி, 250டி (200டி மார்க் 2 என்றும் பெயர்) ஆகிய கேமராக்களின் ஹாட் ஷூவில், அதாவது மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், நடு ஊசிக்கான தொடுபுள்ளியே இல்லை. அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பும் மலிவான பொது ட்ரிக்கர்கள் இவற்றில் செத்தது போல இருக்கும். கேனானுக்கென்றே செய்த, மற்ற புள்ளிகள் வழியாகப் பேசத் தெரிந்த ட்ரிக்கர்தான் வேண்டும், அதிலும் உங்கள் மாடலின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டிடிஎல் என்பது ஃபிளாஷ் ஒரு முன்னோட்ட அடி அடித்து, கேமரா அளந்து, பவரைத் தானே முடிவு செய்வது. ஓடுகிற குழந்தையைத் துரத்திக்கொண்டு எடுக்கும்போது நல்லது. ஆளும் விளக்கும் இடம் மாறாத போர்ட்ரெய்ட்டில், கருப்புச் சட்டைக்கு ஒரு பவர் வெள்ளைச் சட்டைக்கு ஒரு பவர் என்று அது தடுமாறுவதைவிட, கையால் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுவது மேல். கற்றுக்கொள்வதற்கும் அதுவே நல்லது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் முதலில் வெட்ட வேண்டியது டிடிஎல்லை.

மாடலிங் லைட்டை வெட்டாதீர்கள். ஃபிளாஷ் குழாயின் பக்கத்தில் தொடர்ந்து எரியும் சின்ன விளக்கு அது. மூக்கின் நிழல் எங்கே விழும், கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி வருகிறதா என்பதை அடிப்பதற்கு முன்பே காட்டிவிடும். இருட்டறையில் கேமரா ஃபோகஸ் பிடிப்பதற்கும் அதுதான் துணை. இன்னொன்று, இருட்டில் கண்மணி பெரிதாக விரிந்து, கண்ணின் நிறமே தெரியாமல் கருப்பாகிவிடும். மாடலிங் லைட் எரிந்தால் கண்மணி சுருங்கி நிறம் தெரியும். பழைய 150 வாட் ஹாலஜன் வகை நன்றாகச் சூடாகும், மடித்துவைத்த துணி பல்பைத் தொட்டால் கருகிவிடும். எல்இடி வகையில் அந்தப் பயம் இல்லை.

## பழையதாக வாங்கினால்

நல்ல பழைய விளக்கு மோசமான புது விளக்கைவிட மேல், ஆனால் இவற்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1. முழு பவரில் இருபது முப்பது முறை அடித்துப் பாருங்கள். நடுவில் ஒன்று தவறினாலோ வெளிச்சம் கண்ணுக்கே தெரிகிற அளவு ஏறி இறங்கினாலோ வேண்டாம்.

2. பவரை முழுவதிலிருந்து கீழே இறக்கிவிட்டு உடனே ஒரு படம் எடுங்கள். சில பழைய விளக்குகள் ஏற்கனவே சேர்த்த மின்சாரத்தைத் தானாகக் கொட்டாது, ஒருமுறை சும்மா அடித்துத் தள்ள வேண்டும். அது பழுது இல்லை, அந்தக் காலத்துச் சுபாவம்.

3. மிகப் பழைய ஃபிளாஷை கேபிள் போட்டு நேராக டிஜிட்டல் கேமராவில் செருகாதீர்கள். சிலவற்றின் சின்க் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கேமராவின் உள்சுற்று வெந்துவிடலாம். ரேடியோ ரிசீவரின் விவரத்திலும் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பாருங்கள்.

4. நீண்ட நாள் சும்மா கிடந்த விளக்கை எடுத்ததும் முழு பவரில் அடிக்காமல், குறைந்த பவரில் ஒரு மணி நேரம் போல எரியவிட்டு, பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். கபாசிட்டர் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் வேண்டும்.

5. என்ன ஆனாலும் உடம்பைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் முந்நூறு நானூறு வோல்ட் நிற்கும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க மருத்துவக் கருவியான டிஃபிப்ரிலேட்டர் கொடுக்கும் அதிர்ச்சி 150 முதல் 360 ஜூல். உங்கள் 300 வாட்-செகண்ட் விளக்குக்குள் இருப்பதும் அதே வரிசையில் உள்ள ஆற்றல்தான்.

## சரி, எதை வாங்குவது

சிறிய அறை, ஒன்றிரண்டு பேர், முகம் அல்லது அரை உருவம் என்றால் தேடலை இப்படி வைத்துக்கொள்ளலாம்: 200 முதல் 300 வாட்-செகண்ட், அடிமட்டம் 1/32க்கு மேல் போகாமல், முடிந்தால் 1/128, போவென்ஸ் மவுண்ட், உள்ளேயே ரிசீவர், மாடலிங் லைட். மீதிப் பணத்தில் ஒரு நல்ல ஆக்டா, ஆடாத ஸ்டாண்டு, அதன் காலில் போட ஒரு மணல் மூட்டை. ஸ்டாண்டில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, 120 செ.மீ. ஆக்டா காற்றில் பாய்மரம், மின்விசிறிக் காற்றுக்கே சாயும்.

இரண்டாவது விளக்குக்கு அவசரமில்லை. முகத்தின் மறுபக்கத்து இருட்டைத் தூக்க ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். அட்டையை ஒரு சாண் பக்கத்தில் கொண்டுவந்து ஒரு படம், தள்ளி வைத்து ஒரு படம், அப்புறம் அட்டையின் இடத்தில் கருப்புத் துணியைப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்கள் போல இருக்கும்.

முதல் நாளில் பலரைக் கலங்கடிக்கும் ஒன்று மட்டும் பாக்கி. மிரர்லெஸ் கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160 வைத்ததும் திரை கும்மிருட்டாகிவிடும். எடுக்கப்போகும் படம் எப்படி இருக்கும் என்று கேமரா முன்கூட்டியே காட்டப் பார்க்கிறது, ஃபிளாஷ் வரப்போவது அதற்குத் தெரியாது. மெனுவில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்றோ, செட்டிங் எஃபெக்ட் என்றோ இருப்பதை அணைத்துவிட்டால் திரை வெளிச்சமாகிவிடும். கூடவே சைலன்ட் ஷட்டர் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது ஓடிக்கொண்டிருந்தால் ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது, அதனால் மட்டுமே நல்ல விளக்கைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.